சாண் சாணாக இறங்கிய வானம்

கல்லாங்காட்டூருக்கு மேலே வானம் இறங்கத் தொடங்கியது தை மாதக் கடைசியில் என்று சிலர் சொல்வார்கள், மாசியில்தான் என்று சிலர் சாதிப்பார்கள், இரண்டு பேர் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த ஊரில் அண்ணாந்து பார்க்கிற வழக்கமே யாருக்கும் கிடையாது. விசைத்தறி ஓடுகிற ஊர் அது. விடிந்ததிலிருந்து குனிந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறவனுக்கு வானம் எங்கே இருந்தால் என்ன? ரேசன் கடைக்குப் பின்னாலிருந்த செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கு ஒரு காலையில் காணாமல் போனபோது, எவனோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு கோபுரத்தின் மேலடுக்குக் கம்பிகள் காணாமல் போயின, அதற்கடுத்த அடுக்கும் போனது, அதையும் எவனோ கழற்றினான் என்றார்கள். தென்னை ஏறுகிற மாரப்பன், மரத்தில் பாதி ஏறியவன் கழுத்துக்கு மேலே தெரியாமல் போய், கொஞ்ச நேரம் கழித்து முடியெல்லாம் ஈரமாக இறங்கி வந்து நின்றபோதுதான் ஊர் முதல்முதலாக அண்ணாந்து பார்த்தது.

"குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றான் மாரப்பன். "மூச்செல்லாம் முட்டல. ஆனா ஒரு சத்தங் கேக்கல. நாங் கத்துனது எனக்கே கேக்கலீங்க."

அவ்வளவுதான். வானம் இறங்கியிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. யாரால் இறங்குகிறது என்பது தமக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒருவர் நினைத்திருந்தார், அவர் அதை வாய்திறந்து சொல்வதாக இல்லை.

அவர் சென்னியப்பன். ஊரிலேயே உயரமான வீட்டுக்காரர். தறிப்பட்டறையை விற்றுவிட்டு, கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, பார்வை தெளிந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து ஒரு பழைய கதையை இறக்கினார். ஏழாங்கோட்டை என்று அதற்குப் பேர். முன்னொரு காலத்தில் வாரப் பத்திரிகையில் வருசக்கணக்காக வந்த மாயக்கதை. ஏழு கோட்டைகள், ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு பூதம், எல்லாவற்றுக்கும் மேலே நீலாங்கி என்ற மந்திரக்காரி. யாராவது நீலாங்கியை அவமானப்படுத்தினால் அவள் கத்த மாட்டாள், சாபம் கொடுக்க மாட்டாள். கதை எழுதியவர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்: அவள் மறக்கவில்லை. வானம் ஒரு சாண் இறங்கியது.

சென்னியப்பன் மூன்றாங்கிளாசோடு நின்றவர். வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து அவருக்கு மண்டையில் ஏறும். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, உரக்கப் படிப்பார், தறிச் சத்தத்தில் அது அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது. அப்படி ஒருநாள் "வானம் ஒரு சாண் இறங்கியது" என்று படித்துவிட்டுத் தலையைத் தூக்கினபோது எதிரே செல்போன் கோபுரத்தில் ஓர் அடுக்கு குறைந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புரை எடுத்த டாக்டரைத் திட்டினார், மேற்கொண்டு படித்தார். அடுத்த பக்கத்தில் நீலாங்கியை ஒரு தளபதி பார்த்துச் சிரித்தான், அவள் மறக்கவில்லை, இன்னோர் அடுக்கு போனது. நீலாங்கியின் சாண் நம்முடைய சாண் அல்ல. மாடிப்படி இரண்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்த வரியைச் சும்மா வாயால் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. படித்த வரியையே மறுபடி படித்துப் பார்த்தார், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வரிக்கு ஒரு சாண், அதுதான் கணக்கு.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரி இதுவரை எத்தனை தரம் வந்தது, இனி எத்தனை தரம் வரும் என்று தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தம்ளரில் போட்டார். மிச்சம் எத்தனை என்று எண்ண வேண்டுமானால் படிக்க வேண்டும், படித்தால் இறங்கும், இறங்கினால் இன்னும் எத்தனை பாக்கி என்று பயம் வரும், பயம் வந்தால் எண்ண வேண்டும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணாலேயே வரியைத் தேடிப் பார்த்தார். உதடு மூடியிருந்தாலும் தொண்டைக்குழி ஆடியது. கோபுரத்தில் ஓர் அடுக்கு போனது.

நிறுத்தித் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சென்னியப்பன் எதையும் பாதியில் நிறுத்துகிற ஆள் அல்ல. அதற்கும் ஒரு கதை உண்டு.

அந்தப் பத்திரிகையை அந்தக் காலத்தில் அவர் தனியாக வாங்கவில்லை. அவரும் அவருடைய மச்சான் குப்பண்ணனும், அதாவது சம்சாரம் பாவாயியின் அண்ணனும், பங்கு போட்டு வாங்கினார்கள். வாரா வாரம் கதைப் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, ஒரு பாகம் முடிந்ததும் சந்தைப்பேட்டையில் பைண்டு பண்ணினார்கள். ஒன்றாம் பாகம் இவருக்கு, இரண்டாம் பாகம் அவருக்கு, மூன்றாவது இவருக்கு என்று ஆறு பாகத்தைத் தகராறில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஏழாவது யாருக்கு என்பதில்தான் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கூடி, பைண்டு நூலை நடுவில் அறுத்து, முன்பாதியை இவருக்கும் பின்பாதியைக் குப்பண்ணனுக்கும் கொடுத்தார்கள். அதோடு போயிருக்கும். ஆனால் பாதியைக் கையில் வாங்கியபோது, ஐந்தாங்கிளாஸ் வரை போன குப்பண்ணன், அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "எழுத்துக்கூட்டிப் படிக்கறவனுக்கு ஏழாம் பாகம் எதுக்கு மாப்ளே?"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருசம் அவர் குப்பண்ணன் வாசலை மிதிக்கவில்லை, குப்பண்ணன் இவர் வாசலை மிதிக்கவில்லை, நாலு வீடு தள்ளியிருந்த பிறந்த வீட்டுக்குப் பாவாயியும் போகவில்லை. மச்சானுடைய ஓட்டு வீட்டைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே சென்னியப்பன் மேலே ஒரு மாடி எழுப்பினார். தினம் சோற்றில் உட்காரும்போது அந்த வார்த்தையை ஒரு தரம் சொல்வார், யார் யார் சிரித்தார்கள் என்று பேர் பேராகச் சொல்வார், செத்துப்போனவர்களையும் விட மாட்டார். பாவாயி ரசம் ஊற்றுவாள்.

இதற்கிடையில் ஊர் வானத்துக்குப் பழகிக்கொண்டிருந்தது. ஊர் எதற்குத்தான் பழகாது? காக்கைகள் நடக்கக் கற்றுக்கொண்டன. பருந்துகள் ஓட்டுமேல் கோழிகளோடு கோழியாக உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தன. மழைக்கு விழுவதற்கு இடமில்லாததால் அது விழவில்லை, சத்தம் போடாமல் தரையில் வந்து வைத்துவிட்டுப் போனது. மாரப்பன் இறக்கிய இளநீர் லேசாக நீலம் பாரித்து, தொண்டையில் இறங்கும்போது ஜில்லென்று இருந்ததால் இரட்டை விலைக்குப் போனது. மாடியில் மூங்கில் நட்டு உயரத்தில் காயப்போட்ட வெள்ளைத் துண்டுகள் சாயம் தோய்க்காமலே வான நிறம் ஏறி, எத்தனை வெளுத்தாலும் போகாமல் நின்றன. துண்டு வியாபாரிகள் மாடிகளை வாடகைக்குப் பிடித்தார்கள். இன்னும் ஒரு சாண் இறங்கினால் நம்ம மாடிக்கும் எட்டும் என்று காத்திருந்தவர்களும் இருந்தார்கள். உயரமான மாப்பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள், குள்ளமான பையன்களுக்கு ஜாதகம் குவிந்தது. தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து, எங்கிருந்து அளப்பதென்று தெரியாமல், இதற்குத் தனியாகச் சட்டமில்லை என்று சொல்லிவிட்டு நீல இளநீர் இரண்டு குடித்துவிட்டுப் போனார். பஸ் கண்டக்டர் மட்டும் ஊர் எல்லை வந்ததும் தலையைக் குனிந்துகொள்வான். "உங்கூருக்கு மட்டும் ஏனுங்க இப்பிடி?" என்பான். "எங்கூருன்னா சும்மாவா?" என்பார்கள்.

சித்திரை பிறந்தபோது வானம் சென்னியப்பன் வீட்டு மாடிக்குள் நுழைந்தது. மாடியில் ஏறி நின்றால் தலை அதற்குள் மறைந்தது.

சென்னியப்பன் மாடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாவாயிக்குப் பயமில்லை. துணி எடுக்கப் போகிறேன் என்று ஏறினாள், கொஞ்ச நேரம் இருந்தாள், தலையில் பனி கோத்து இறங்கி வந்தாள். அடுத்த நாள் வற்றல் காயவைக்கப் போகிறேன் என்றாள். அதற்கடுத்த நாள் காரணம் எதுவும் சொல்லவில்லை. காலையில் ஏறினால் மத்தியானம் சோறாக்கத்தான் இறங்கினாள். பிறகு காலையிலேயே சோறாக்கி மூடி வைத்துவிட்டு ஏறி, பொழுது சாயத்தான் இறங்கினாள். இறங்கி வரும்போது ஒவ்வொரு நாளும் முகம் கொஞ்சம் இளசாகிக்கொண்டு வந்ததை சென்னியப்பன் பார்த்தார். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மேல அப்பிடி என்னதான் பண்ற?" என்று கேட்டார்.

"உக்கோந்திருக்கறனுங்க."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

"அங்க என்ன இருக்குதுன்னு கேக்கறேன்!"

பாவாயி கோபமில்லாமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: "அங்க உங்க சத்தங் கேக்கலீங்க."

அன்றைக்குச் சோற்றில் உட்கார்ந்த சென்னியப்பன் முப்பது வருசத்தில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. புத்தகங்களைத் துணியில் கட்டி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஐந்தாம் பாகத்தில் பாதி பாக்கியிருந்தது. ஏழாம் பாகத்தின் முன்பாதியைத் தொடவேயில்லை. பாதியில் நிறுத்தாத ஆள் பாதியில் நிறுத்தினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு, இனி வானம் இறங்காது, இவளும் இதற்கு மேல் போக மாட்டாள் என்று நாற்காலியில் சாய்ந்தார்.

விடிந்து பார்த்தால் மாடிப்படியின் மேல்படி இரண்டைக் காணோம்.

தம்ளரைக் கவிழ்த்துப் புளியங்கொட்டையை எண்ணினார். கோபுரத்தில் குறைந்த அடுக்கை எண்ணினார். ஒத்துவரவில்லை. பத்திரிகைக் கதையில் ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தின் கடைசி வரியைச் "சென்ற வாரம்" என்று மறுபடி போட்டிருப்பார்கள். கதை முக்கால்வாசி அந்த வரியில்தான் முடியும் என்பதால் அது அடுத்த வாரத் தொடக்கத்திலும் வந்துவிடும். அதை விட்டுவிட்டோமோ என்று பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே படித்த பக்கங்களை மட்டும் புரட்டி, விட்டுப்போனதற்கெல்லாம் கொட்டை சேர்த்தார். அப்போதும் அடுக்குகள்தான் அதிகம். கிட்டத்தட்ட இரண்டு பங்கு அதிகம். புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கும்போதே, தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த ஓட்டு வீட்டின் பக்கம் அவருடைய தலை தானாகத் திரும்பியது.

இரண்டாம் பாகம். நாலாம் பாகம். ஆறாம் பாகம்.

அவனும் படிக்கிறான்.

டீக்கடை ராசு எம்.காம். படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பன் கடையையே நடத்துகிறவன். சென்னியப்பன் அவனைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். அவன் சிரிக்கவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. "அப்ப உங்களாலதானா என் தம்பிக்குப் பொண்ணு கெடைக்கல?" என்று மட்டும் கேட்டான். அவன் தம்பி ஆறடி.

"அதெல்லாம் அப்பறம். நீ போயி அந்தாளுகிட்ட நிறுத்தச் சொல்லு."

"நாந் தூது போற ஆளுங்களா மாமா?"

"போடா, டீக்கணக்கு எழுதறவனுக்கு ரெண்டு வார்த்த சொல்லத் தெரியாதா?"

ராசு போனான். வந்தான். "நிறுத்தச் சொல்றவனுக்கு வாயி இருந்தா நேர்ல வந்து சொல்லட்டும்ங்கறாரு."

"கால் இருந்தா அவன் வரட்டும்னு சொல்லு."

"அதையும் நெனச்சுத்தான் சொல்லியனுப்பிச்சாரு. 'கால் இருக்குது, மனசில்ல'ன்னு சொல்லச் சொன்னாரு."

சென்னியப்பன் பல்லைக் கடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் பாவாயி இறங்கி வரவில்லை. படிக்கடியில் நின்று கூப்பிட்டார். வானத்துக்குக் கீழே அவர் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது, மேலே ஓர் அங்குலம் போகவில்லை. ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார், தலை அந்த நீலத்தில் நுழைந்ததும் உலகத்தின் சத்தமெல்லாம் ஒரே அடியாக நின்றுபோனது. தறிகளின் சத்தம் நின்றது, காக்கை நின்றது, சொந்த மூச்சும் கேட்கவில்லை. ஒரு முழத்துக்கு மேல் கண் தெரியவில்லை. வாயைத் திறந்து பாவாயி என்றார். சொன்னாரா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. சத்தமில்லாத இடத்தில் தாம் யார் என்று தெரியாமல் பயந்து, பின்பக்கமாகவே இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு வீடுதான். தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குப்பண்ணன் சம்சாரத்தைப் பறிகொடுத்த ஒண்டி ஆள். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில், ஆறாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இவர் மாதிரியே விரல் வைத்து, இவர் மாதிரியே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாங்கிளாசின் லட்சணமும் அவ்வளவுதான்.

"நிறுத்து," என்றார் சென்னியப்பன். முப்பது வருசத்துக்கு அது ஒரு நல்ல முதல் வார்த்தை அல்ல.

குப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நீ நிறுத்திட்டியா?"

"நிறுத்தி ரெண்டு நாளாச்சு."

"எனக்கெப்படித் தெரியும்? நீ எப்ப எதை நிறுத்தியிருக்கற? எங்கையில இருக்கற வரிய விட வானம் ஜாஸ்தி எறங்குது. சரி, அந்தப் பக்கம் அவனும் படிக்கறான், என்னைத் தாண்டிப் போறான்னு நெனச்சேன். உன்னைய முந்த விடுவனா நானு?"

"ஊரு மேல வானம் உழுகுது. உனக்குப் போட்டியா?"

"உனக்கு இல்லியாக்கும்?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். குப்பண்ணன் புத்தகத்தை மூடினார். "மாப்ளே," என்றார், குரல் இறங்கிவிட்டது. "இங்கிருந்து பாத்தா உம் மாடி தெரியுது. எந்தங்கச்சி கைப்பிடிச் சுவத்து மேல வந்து உக்காருவா. மொதல்ல முழுசாத் தெரிஞ்சா. அப்பறம் தலை தெரியல. அப்பறம் இடுப்பு வரைக்கும். முந்தாநாத்து வரைக்கும் தொங்கப்போட்ட காலாச்சும் தெரிஞ்சுது. நேத்து அதுவும் இல்ல."

"எறங்க மாட்டேங்கறா," என்றார் சென்னியப்பன்.

"என்ன பண்ணி வெச்சே அவள?"

சென்னியப்பன் கீழே கிடந்த வேப்பஞ்சருகைக் காலால் தள்ளினார்.

வானம் மேலே ஏறுகிற வரி ஒன்று கதைக் கடைசியில் இருந்தாக வேண்டும் என்று குப்பண்ணன்தான் சொன்னார். பின்பாதி அவரிடம்தான் இருந்தது, ஆனால் முன்பாதி இல்லாத கோபத்தில் அவரும் அதை ஒருநாளும் திறந்ததில்லை. அந்தக் காலத்தில் வாரா வாரம் படித்த முடிவு இருவருக்கும் மறந்துபோயிருந்தது. மறக்காத இரண்டு பேருக்கும் அது மட்டும் மறந்துபோயிருந்தது. வாய்விடாமல் படிக்க இருவருக்கும் வராததால் ராசுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பாதிகளையும், படிக்காமல் விட்ட மற்றதையும் அவன் கையில் கொடுத்தார்கள். அவன் கண்ணாலேயே படித்தான். பக்கம் புரளும்போதெல்லாம் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் அசையவில்லை. படித்தவன் படிப்பு வானத்துக்குக் கேட்காது போலிருக்கிறது.

ராசு கடைசிப் பக்கத்தை முடித்து நிமிர்ந்தான். "முடிவு இல்லீங்க. ஏழாங்கோட்டை வாசல்ல நீலாங்கி நிக்கறா. 'தொடரும்'னு போட்டிருக்குது. அதுக்கப்பறம் பத்திரிகையே நின்னு போயிருக்குமாட்ட இருக்குது."

"ஏறுற வரி?"

"ஒண்ணுகூட இல்ல. எறங்கற வரி மட்டும் இருக்குது. அதெல்லாம் படிச்சா வானம் தரையத் தொட்டு, தரைக்குள்ளயும் போயிரும்."

தெருவில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. சென்னியப்பன்தான் முதலில் எழுந்தார்.

"வா, படிப்போம்."

"ஏண்டா, புத்தி கித்தி கலங்கிப்போச்சா?"

"அவ எறங்க மாட்டா மச்சான். எஞ் சத்தத்துக்குப் பயந்து போனவ. நான் போயிக் கூப்பிட்டா எனக்கே கேக்கல. அவ கீழ வர மாட்டான்னா, அவ இருக்கற எடம் கீழ வரட்டும்."

முப்பது வருசத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த அந்த 'மச்சான்' என்பதைக் கேட்டுக் குப்பண்ணன் பின்பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

சேதி அவர்களுக்கு முன்னால் ஓடியது. சென்னியப்பன் வீட்டு முன்னால் இரண்டு நாற்காலி போடுவதற்குள் ஊரே கூடிவிட்டது. துண்டு வியாபாரிகள் படியுங்கள் என்றார்கள், தரை வரைக்கும் வந்தால் மாடி வாடகை மிச்சம். ராசுவின் தம்பி வேண்டாம் என்று கத்தினான். பஞ்சாயத்துத் தலைவியம்மா, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு படிக்கலாம் என்றார். மாரப்பன், இனி மரமேற வேண்டியதில்லை, காய் தானாக நீலமாகிவிடும் என்று கணக்குப் போட்டான். யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எல்லோருக்கும் பயமாக இருந்தது, எல்லோருக்கும் என்ன ஆகுமென்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

சென்னியப்பன் முன்பாதியைப் படித்தார், தொண்டை வறண்டபோது குப்பண்ணன் பின்பாதியிலிருந்து படித்தார், மாறி மாறிப் படித்தார்கள், ஒருவர் எழுத்துக்கூட்டும்போது மற்றவர் சிரிக்கவில்லை. அவள் மறக்கவில்லை, வானம் ஒரு சாண் இறங்கியது. மாடி மறைந்தது. அவள் மறக்கவில்லை, படிக்கட்டு பாதி மறைந்தது. வேப்பமரத்தின் கிளைகள் மறைந்தன, கொடிக்கம்பம் மறைந்தது, பஸ் நின்று பின்பக்கமாகவே போனது. நிலைப்படிக்கு மேலே வானம் வந்து நின்றபோது நின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். அடுத்த வரிக்கு அது பட்டறைகளுக்குள் நுழைந்தது. தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சத்தம் மட்டும் நின்றது. நாற்பது வருசமாக அந்த ஊரில் நிற்காத சத்தம். கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டன.

சென்னியப்பன் பக்கத்தைத் திருப்பினார். "அவள் மறக்கவில்லை," என்று விரல் வைத்துப் படித்தார். "வானம் ஒரு சா..."

அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய மீசை மேல் வானம் வந்து உட்கார்ந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குப்பண்ணன் தொடர்ந்து படித்துப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. சொன்னது கேட்காததால் வானம் அங்கேயே நின்றுவிட்டது.

பிற்பாடு ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. அங்கே இன்றைக்கும் யாரோடாவது பேச வேண்டுமானால் உட்கார வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கொஞ்சம் குனிய வேண்டும். நின்றபடி சண்டை போட முடியாது, நின்றபடி வசூல் கேட்க முடியாது, போலீசுகாரர்கூட வந்தால் முதலில் உட்காருகிறார். சின்னப் பிள்ளைகள் மட்டும் தெருவெல்லாம் நின்று கத்திக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு இரண்டு கிழவர்களும் நாற்காலியில் சரிந்து, வாயை வானத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மூன்று படிகள்தான் தெரிந்தன. வெகுநேரம் அவை வெறும் படிகளாகவே இருந்தன. பாவாயி அந்த நீலத்துக்குள்ளேயே எந்தப் பக்கமாவது நடந்து போய்விட்டிருந்தால்? இப்போது அவளுக்கு ஊர் முழுக்க வழி.

படியில் ஒரு கால் இறங்கியது. மெட்டி போட்ட கால். இன்னொரு கால் இறங்கியது. அவை வாசலைக் கடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றன. இடுப்புக்கு மேலே தெரியவில்லை. மேலே அவள் அழுகிறாளா, திட்டுகிறாளா, இரண்டு பேரையும் பார்க்காமல் தாண்டிப் போகப் போகிறாளா என்று கீழேயிருந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கால்கள் நின்றன. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாவாயி தரையில் உட்கார்ந்தாள், நீலத்திலிருந்து அவள் முகம் வெளியே வந்தது. முதலில் அண்ணனைப் பார்த்தாள். தலை நரைத்துப்போன அண்ணனை நன்றாகப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"முப்பது வருசமா ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தீங்க," என்றாள். "உங்கள உக்கார வெக்க வானமே எறங்கி வரோணுமாக்கும்?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "உங்கண்ணந்தான் மொதல்ல அத்தன பேரு முன்னால..." என்று நாற்காலியை விட்டு எழுந்தார், குரல் அறுந்தது. வானத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, யார் யார் சிரித்தார்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னார், ஒன்றும் அவருக்கே கேட்கவில்லை. மூச்சு தீர்ந்ததும் நிறுத்தினார். கீழே பாவாயி அசையாமல் காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது.

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ம்," என்றாள் பாவாயி. "இப்பச் சொல்லுங்க."

எல்லாமே அவருக்கு நினைவிருந்தது. ஒரு பேர்கூட விட்டுப்போகவில்லை. எதிரே மச்சான் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, கிழிந்த பாதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கண்ணன் வந்து எத்தன நேரமாச்சு," என்றார் சென்னியப்பன். "ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்க மாட்டியா?"